முதுகு மட்டும் தெரியும் படம்

"கொஞ்சம் எழுந்திருக்கறீங்களா…?"

பெஞ்சில் உட்கார்ந்திருந்தவன் நிமிர்ந்தான். காதில் விழுந்தது சரிதானா என்று சந்தேகப்படுகிற பார்வை.

"என்னையா?"

"உங்களைத்தான். ஒரே நிமிஷம். எனக்கு இந்த பெஞ்ச் காலியா வேணும்."

"உட்காரணும்னா இந்தப் பக்கம் இடம் இருக்கே…"

"உட்கார இல்லைங்க. படம் எடுக்கணும்." கையிலிருந்த போனை ஆட்டிக் காட்டினாள். "தனிமையைப் பத்தி எழுதறேன். அதுக்கு ஒரு படம் வேணும்."

அவன் பெஞ்சைப் பார்த்தான். தன்னைப் பார்த்துக்கொண்டான். மறுபடி அவளைப் பார்த்தான்.

"அப்போ தனிமைக்கு நான் இடைஞ்சலா இருக்கேன்?"

"ஆமா… இல்ல… அப்படி இல்லைங்க. ஆள் இருந்தா அது எப்படித் தனிமையாகும்?"

"ஆள் இருந்தாத்தானேங்க தனிமை? பெஞ்சுக்கு அதெல்லாம் என்ன தெரியும்?"

அவளுக்குச் சுருக்கென்று கோபம் வந்தது. பதில் தெரியாதபோது வருகிற கோபம். வாய்க்கால் ஓரத்து நடைபாதையில் இருந்ததே இரண்டு பெஞ்சு; மற்றதற்குக் கால் உடைந்திருந்தது. வானம் வேறு கறுத்துக்கொண்டு வந்தது. இந்த வெளிச்சம் போய்விட்டால் இன்றைக்கும் படம் இல்லை.

அவன் சாப்பாட்டுப் பையை எடுத்துக்கொண்டு எழுந்து, வெளியே அனுப்பப்பட்ட பள்ளிக்கூடப் பையன் மாதிரி ஓரமாகப் போய் நின்றான். அவள் நின்று எடுத்தாள், குனிந்து எடுத்தாள், முழங்காலிட்டும் எடுத்தாள்.

"பாக்கலாமா?"

வேண்டாம் என்று சொல்ல வாயெடுப்பதற்குள் எட்டிப் பார்த்துவிட்டான்.

"நல்லா இருக்குங்க… கீழே விலையைப் போட்டா இன்னிக்கே வித்துப் போயிடும்."

உண்மைதான். தனிமையாவது ஒன்றாவது! நாற்காலிக் கடை விளம்பரமேதான். அடக்க அடக்கச் சிரிப்பு வந்துவிட்டது. வழக்கம்போல் கை தானாக எழுந்து வாயை மூடிக்கொண்டது. அவன் அந்தக் கையையே பார்த்தான். என்னவோ கேட்க வந்தவன் மாதிரி இருந்தது… அதற்குள் மழை பிடித்துக்கொண்டது.

மூடிக் கிடந்த பத்திரிகைக் கடையின் தகரக் கூரைக்குக் கீழே இருவரும் ஓடிப்போய் நின்றார்கள். ஒரு ஆள் நிற்கிற இடம். இரண்டு பேர் நனையாமல் நிற்க வேண்டுமானால் தோள் இடிக்க வேண்டும். இருவரும் ஆளுக்குக் கொஞ்சம் நனைந்தார்கள்.

அவள் இந்த ஊருக்கு வேலைக்காக வந்தவள். கூரியர் கம்பெனியில் புகார்ப் பிரிவு. பார்சல் வரவில்லை, உடைந்து வந்தது, பக்கத்து வீட்டுக்குப் போய்விட்டது என்று எழுதுகிறவர்களுக்கெல்லாம் 'தங்களுக்கு ஏற்பட்ட சிரமத்துக்கு வருந்துகிறோம்' என்று பதில் தட்டுவது. நாள் முழுக்க மன்னிப்புக் கேட்டுவிட்டு மூன்றாம் மாடி அறைக்குத் திரும்பினால், இன்றைக்கு மழை பெய்தது என்று சொல்லக்கூட ஆளில்லை. அக்காவுக்குப் போன் போட்டால், பின்னால் இரண்டு குழந்தைகளும் போடுகிற கூச்சலில், "அப்புறம் பேசறேன்டி" என்று வைத்துவிடுவாள். அந்த அப்புறம் வந்ததே இல்லை.

அதனால்தான் வலைப்பூ. ஒற்றைச் சாவி என்று பெயர். தனியாக இருப்பது எப்படி, ஒருத்திக்கு மட்டும் சமைப்பது எப்படி, காய்ச்சல் வந்தால் தன்னைத் தானே எப்படிப் பார்த்துக்கொள்வது… கலகலப்பாக எழுதுவாள். படிக்கிறவர்கள் இவள் ராஜாத்தி மாதிரி வாழ்கிறாள் என்று நினைத்துக்கொள்வார்கள்.

படங்களை இணையத்தில் இலவசமாகக் கிடைக்கிற இடங்களிலிருந்துதான் எடுத்துப் போட்டுக்கொண்டிருந்தாள். ஒரு நாள் ஒரு வாசகி எழுதினாள்: 'ஜன்னல்கிட்ட நின்னு அழற இந்தப் பொண்ணை நேத்து வாயுத்தொல்லை மாத்திரை விளம்பரத்துல பார்த்தேன் அக்கா. அவங்களுக்கு என்னதான் பிரச்னை?'

அவமானமாகப் போய்விட்டது. அன்றைக்கே முடிவெடுத்தாள். இனி என் படத்தை நானே எடுப்பேன்.

ஜன்னலோரம் ஸ்டூலைப் போட்டு, எதிரில் வெள்ளை சார்ட் பேப்பரை நிறுத்தி வெளிச்சத்தைத் திருப்பி, சர்க்கரை டப்பா மேல் போனைச் சாய்த்து… ஒரு கோப்பை, ஒரு தட்டு, கண்ணாடி டம்ளரில் ஒரு பல்தேய்க்கும் பிரஷ் என்று எடுத்துத் தள்ளினாள். அறையில் எடுக்க இனி ஒன்றும் மிச்சமில்லை என்றானபோதுதான் பெஞ்சைத் தேடி வெளியே வந்தாள்.

இதில் பாதியைத் தகரக் கூரைக்கடியில் அவனிடம் சொன்னாள். மாத்திரை விளம்பரம் வந்தபோது அவன் மழையைவிடச் சத்தமாகச் சிரித்தான்.

"நீங்க என்ன பண்றீங்க?"

"பல்லு செய்றேன்."

"டாக்டரா?"

"டாக்டர் கீழே. அவர் வாயைப் பார்ப்பார், அளவெடுப்பார், பேசுவார். நான் மாடியில. அளவு மட்டும் மேலே வரும், பல்லு மட்டும் கீழே போகும். யாரோட வாய்ன்னு எனக்குத் தெரியாது, யாரு செஞ்ச பல்லுன்னு அவங்களுக்குத் தெரியாது."

"அப்போ நீங்க செஞ்ச பல்லோட யாராவது சிரிக்கறதை…"

"பார்த்ததில்லைங்க." கொஞ்சம் நிறுத்தி, "ஒண்ணு கேட்கவா? நீங்க ஏன் சிரிக்கும்போது வாயைப் பொத்திக்கறீங்க?" என்றான்.

"தெத்துப்பல்." எரிச்சலோடு சொன்னாள். "தொழில் புத்தி போகலையா? சரி பண்ணிடலாம்னு சொல்லப் போறீங்களா?"

"அய்யோ! அதைச் சரி பண்றேன்னு யாராவது சொன்னா எங்கிட்ட அனுப்புங்க. நான் சண்டைக்கு வரேன்."

மழைச் சாரல் முகத்தில் அடித்தது. அப்படியும் அவளுக்குக் காது சுட்டது. சே… யாரோ ஒருத்தன். எதற்கு இப்படி? அவன் கண்கள் மட்டும், சிரித்து முடித்த பிறகும் சிரிப்பை விட மனசில்லாமல் கொஞ்ச நேரம் வைத்துக்கொண்டிருந்தன…

அதற்கப்புறம் அவன் அவளுக்கு உதவியாளன் ஆனான். யாரும் கேட்கவில்லை, அவனும் சொல்லவில்லை. சாயங்காலம் வாய்க்கால் ஓரத்துக்கு வந்தால் அவன் இருப்பான். சார்ட் பேப்பரைப் பிடிப்பான். நாளெல்லாம் பல்லுக்கு நிறம் பொருத்துகிறவன், "இது வெள்ளை இல்லைங்க, நீலம் கலந்த வெள்ளை. உங்க கோப்பைக்குக் காய்ச்சல் வந்த மாதிரி இருக்கு" என்பான். துணி துவைக்கிற கடையில் 'ஒற்றைச் சாக்ஸ்' படம் எடுக்கப் போனபோது, தன் காலிலிருந்தே ஒன்றைக் கழற்றிக் கொடுத்துவிட்டு ஒற்றைக் காலில் நின்றான்.

"பல்லுக்காரரே, ஓட்டை இல்லாத சாக்ஸ் கிடையாதா உங்ககிட்ட?"

"ஓட்டை இருந்தாத்தான் உருக்கமா இருக்கும், போட்டோ மேடம்."

அவள் அறைக்குத் திரும்பி அன்றைய படங்களைத் தள்ளித் தள்ளிப் பார்ப்பாள். கோப்பையின் ஓரத்தில் அவன் விரல் நுனி. சாக்ஸுக்குப் பின்னால் அவன் நிழல். வெட்டி எறிய வேண்டியவை. வெட்டாமல் வைத்துக்கொள்வாள்.

ஒரு சாயங்காலம் தூறல் விடவே இல்லை. பெஞ்சில் ஒரு குடைக்கடியில் உட்கார்ந்திருந்தார்கள். அவனுக்குப் போன் வந்தது. எடுத்துப் பார்த்தான், எடுக்கவில்லை.

"யாரு?"

"அம்மா. வீட்டுக்குப் போய்ப் பேசணும். இங்க டி.வி. இல்ல."

"அம்மாகிட்டப் பேச டி.வி. எதுக்கு?"

அவன் வாய்க்காலையே பார்த்துக்கொண்டு சொன்னான். "நான் தனியா உட்கார்ந்து சாப்பிடறேன்னா அம்மா அழுதுடுவாங்க. அதனால போன் வந்தா டி.வி. சத்தத்தைக் கூட்டி வச்சுப்பேன். 'ஃப்ரெண்ட்ஸ் வந்திருக்காங்கம்மா, ஒரே கலாட்டா'ன்னு சொல்வேன். அவங்களுக்கு நிம்மதி." சிரித்தான். "ஒரு நாள் டி.வி.யில செய்தி ஓடிடுச்சு. 'உன் ஃப்ரெண்டு என்னடா இவ்ளோ சுத்தமா பேசறான்'னு கேட்டாங்க."

அவளும் சிரிக்கத்தான் பார்த்தாள். முடியவில்லை.

"ஒரு படம் எடுக்கட்டுமா? பின்னாலேருந்து… முகம் தெரியாது."

"முதுகு தானே? எடுத்துக்கோங்க. அதுல என்ன இருக்கு?"

இருந்தது. குடை, மழை, ஒரு தோள் இன்னொன்றைவிடக் கொஞ்சம் இறங்கியிருந்த முதுகு… அவள் எடுத்ததிலேயே நல்ல படம் அதுதான். வீட்டுக்கு வந்ததும் உடை மாற்றாமல் உட்கார்ந்து எழுதினாள். எழுத எழுத வந்துகொண்டே இருந்தது. பல் செய்கிறவர், மாடி அறை, டி.வி. சத்தம், அம்மா… எல்லாவற்றையும் எழுதினாள். பெயர் போடவில்லை. அதனால் தப்பில்லை என்று நினைத்தாள். இல்லை, அவள் நினைக்கவே இல்லை.

அவள் வலைப்பூவை இதுவரை படிக்காதவர்கள் எல்லாம் படித்தார்கள். கையிலிருந்து கைக்குப் போயிற்று. 'அய்யோ பாவம்', 'கண்ணுல தண்ணி வந்துடுச்சு', 'இவருக்கு யாராவது சாப்பாடு போடுங்கப்பா'… ஆயிரக்கணக்கில். அவளுக்குத் தலைகால் புரியவில்லை. அவனிடம் காட்ட வேண்டும் என்று ஓட்டமும் நடையுமாகப் போனாள்.

அவன் பெஞ்சுக்குப் பக்கத்தில் நின்றுகொண்டிருந்தான். உட்காரவில்லை.

"என் தங்கச்சி அம்மாவுக்குப் படிச்சுக் காட்டியிருக்கா. அண்ணன் மாதிரியே பல்லு செய்ற யாரோ ஒருத்தர்னு நெனச்சுத்தான். அம்மா படத்தைப் பார்த்தாங்க." குரலில் கோபம்கூட இல்லை. அதுதான் பயமாக இருந்தது. "ராத்திரி முழுக்க அழுதிருக்காங்க. இத்தனை நாளும் நீ எங்கிட்ட டி.வி.யைத்தான் பேச விட்டியாடான்னு கேட்கறாங்க. நான் என்ன சொல்ல?"

"நான்… உங்க பேரைப் போடலையே…"

"நான் உங்ககிட்ட பேசினேன். நீங்க எழுதிட்டீங்க."

"அப்படி இல்லைங்க…"

"எத்தனை பேரு பாவம்னு எழுதியிருக்காங்க, பார்த்தீங்களா? என்னைப் பாவமா பார்க்காத ஒரே ஆள் நீங்கதான்னு நெனச்சேன். 'எழுந்திரு'ன்னு சொன்னீங்களே… அது எவ்ளோ நல்லா இருந்துச்சு தெரியுமா? இப்போ நீங்களும்…" முடிக்காமல் நடந்துவிட்டான்.

நாள் முழுக்க மன்னிப்பை அச்சடிக்கிற விரல்களுக்கு அன்று ஒரு வரி கிடைக்கவில்லை. கட்டுரையை எடுத்துவிட்டாள். படத்தையும் எடுத்தாள். ஒரு செய்தி தட்டுவாள், அழிப்பாள். எதைத் தட்டினாலும் கம்பெனிக் கடிதம் மாதிரியே இருந்தது.

அவன் வாய்க்கால் பக்கம் வரவில்லை. அவள் போய்க்கொண்டுதான் இருந்தாள். ஆள் இல்லாத பெஞ்சு. எடுக்க வேண்டும் என்று தோன்றவே இல்லை. அக்காவுக்குப் போன் போட்டாள். "என்னடி குரல் ஒரு மாதிரி இருக்கு?" என்று கேட்டவள், பதில் வருவதற்குள் "டேய், அதைக் கீழே போடு!" என்று கத்தினாள். "அப்புறம் பேசறேன்டி." இவள் அறையில் விளக்கைப் போடாமல் உட்கார்ந்திருந்தாள். யாராவது நலமா என்று கேட்டால் நானும் டி.வி.யைத்தானே போடுகிறேன்… ஒற்றைச் சாவி என்று ஒரு டி.வி. சத்தமாக, கலகலப்பாக. அதை எழுதத் தைரியமில்லாமல் அவன் முதுகை எடுத்துப் போட்டுவிட்டேனே…

மழை விட்டு வெயில் அடிக்கத் தொடங்கியிருந்த ஒரு காலையில், வலைப்பூ முகவரிக்கு ஒரு குறிப்பு வந்தது. 'அம்மாடி நான் பல்லு செய்ற பையனோட அம்மா இந்த நம்பருக்கு கூப்பிடு'. கீழே ஒரு எண்.

கூப்பிட்டாள்.

"நீதானாம்மா? திட்டறதுக்குன்னு நெனச்சுக்காத. எனக்குத் திட்டத் தெரியாது."

"அம்மா, நான் பண்ணது…"

"தப்புதான். பெத்தவகிட்ட மறைச்சதை ஊருக்குச் சொல்லிட்டே. ஆனா நீ சொல்லலைன்னா எனக்கு இன்னிவரைக்கும் தெரியாது, அதையும் சொல்லணுமில்ல?" மூச்சு விட்டுக்கொண்டாள். "அவன் முகத்தைப் பார்த்து ரொம்ப நாளாச்சும்மா. வீடியோவுல வாடான்னா நெட்வொர்க் சரியில்லேங்கறான். நீ படம் எடுக்கறவளாமே? முகம் தெரியற மாதிரி ஒண்ணு எடுத்து அனுப்பறியா?"

"அவர் எங்கூடப் பேசறதில்லைம்மா."

"எங்கூடயும்தான் சரியாப் பேசறதில்ல. அதுக்காக விட்டுட முடியுமா? முதுகைக் காட்டினவன் முகத்தைக் காட்ட மாட்டானா? போய்க் கேளு."

அவன் வேலை செய்கிற இடத்துக்கு அன்று சாயங்காலமே போனாள். கீழே பல் மருத்துவமனை. பக்கவாட்டில் ஒரு குறுகலான படிக்கட்டு. ஏறும்போது ஒவ்வொரு படியிலும் திரும்பிவிடலாமா என்றிருந்தது. மேலே சின்ன அறை. சுவர் முழுக்க அலமாரி. அதில் சுண்ணாம்பு நிறத்தில் வரிசை வரிசையாகத் தாடை அச்சுகள். மூலையில் ஒரு மேஜை, அதன்மேல் குனிந்த விளக்கு, விளக்கின் கீழே அவன். முகக்கவசமும் பூதக்கண்ணாடியுமாக. இங்கேதான் இவன் பகல் எல்லாம் போகிறதா? இத்தனை வாய், பேச ஒன்றுகூட இல்லாமல்…

பல்லைத் தேய்த்துக்கொண்டிருந்த இயந்திரத்தின் சத்தம் நின்றது.

"நீங்களா?"

"உங்க அம்மா அனுப்பினாங்க. உங்க முகம் தெரியற மாதிரி ஒரு படம் வேணுமாம். ப்ளாக்குக்கு இல்ல. சத்தியமா இல்ல. எடுத்ததும் அனுப்பிட்டு உங்க முன்னாடியே அழிச்சுடறேன்."

சரி, இப்போது சொல்லிவிட வேண்டும். வாயைத் திறந்தாள்.

"தங்களுக்கு ஏற்பட்ட…"

நாக்கைக் கடித்துக்கொண்டாள். அவன் கண்கள் பூதக்கண்ணாடிக்குப் பின்னால் இரண்டு மடங்கு பெரிதாக அவளைப் பார்த்தன. அவளுக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது.

"எனக்கு ஒழுங்கா மன்னிப்புக் கேட்கத் தெரியலைங்க. வேலையில கேட்டுக் கேட்டு அந்த வார்த்தையே செத்துப் போச்சு. உங்களைப் பாவம்னு நெனச்சு எழுதலை. என்னைப் பத்தித்தான் எழுதினேன். எனக்கும் யாரும் இல்ல. ஆனா அதைச் சொல்ல வெட்கம். கோப்பையை எடுத்தேன், பெஞ்சை எடுத்தேன், கடைசியில உங்க முதுகை எடுத்தேன். என்னை மட்டும் எடுக்கலை. கேட்காம எழுதினது தப்பு. பெரிய தப்பு."

அவன் மெதுவாகப் பூதக்கண்ணாடியைக் கழற்றினான். கவசத்தைக் கீழே இறக்கினான். மூக்கின் மேல் அது அழுத்திய கோடு. நன்றாகத் தூங்காத முகம். எத்தனை நாளாகிவிட்டது இந்த முகத்தைப் பார்த்து!

"கட்டுரையை எடுத்துட்டீங்கன்னு தங்கச்சி சொன்னா. கோவம் அன்னிக்கே போயிடுச்சு. அங்க வந்து நிக்கத்தான் கூச்சமா இருந்துச்சு…" தலையைக் கோதினான். வெள்ளைத் தூள் முடியில் ஒட்டிக்கொண்டது. "எங்க நிக்கணும்?"

"அங்கேயே. விளக்கை மட்டும் இப்படித் திருப்புங்க… சிரிங்க."

"வரலையே."

"சரி, வேணாம். இப்படியே இருங்க. அம்மாவுக்கு உங்களைப் பார்க்கணும், அவ்ளோதான்."

அவன் நேராக அவளைப் பார்த்தான். லென்ஸைப் பார்க்கவில்லை. தலையில் தூளும் கண்ணில் கலக்கமுமாக… அவள் எடுத்தாள். ஒன்றே ஒன்று. அனுப்பினாள். சொன்னபடியே அவன் எதிரில் அழித்தாள்.

அலமாரித் தாடைகள் எல்லாம் சேர்ந்து வேடிக்கை பார்த்தன. அப்புறம் அவன் போன் அடித்தது. இந்தத் தடவை உடனே எடுத்தான். அம்மாவின் குரல் அறை முழுக்கக் கேட்டது.

"இளைச்சுட்டியேடா! தலையில என்ன அது, மாவா? சாப்பிட்டியா? அந்தப் பொண்ணு பக்கத்துல இருக்காளா?"

"இருக்காங்கம்மா."

"அழ வைக்கலையே அவளை? ஆமா… அவ யாருடா உனக்கு?"

அவன் அவளை ஒரு தடவை பார்த்தான். "அப்புறம்… இல்ல, இப்பவே சொல்றேன்மா. ரெண்டு நிமிஷத்துல கூப்பிடறேன்" என்று வைத்தான்.

அவள் தரையைப் பார்த்துக்கொண்டு கேட்டாள். "ஏன் சொல்லலை?"

"என்னன்னு சொல்றது? ஃப்ரெண்டுன்னா குறையா இருக்கு. அதுக்கு மேல சொல்லணும்னா உங்களைக் கேட்கணும். கேட்காம எழுதினதுக்கு உங்ககிட்டக் கோவிச்சுக்கிட்டவன் நான். கேட்காம எப்படிச் சொல்வேன்?"

"கேளுங்க…" அவளுக்கே அவள் குரல் கேட்கவில்லை.

மேஜையைப் பிடித்துக்கொண்டான். தூள் படிந்த விரல்கள். எத்தனையோ பேருக்குப் பல் கட்டுகிறவனுக்கு ஒரு சொல் கட்ட வரவில்லை. இரண்டு தடவை தொண்டையைச் செருமினான்.

"எனக்கு உங்களைப் பிடிச்சிருக்கு. ரொம்ப… ரொம்பப் பிடிச்சிருக்கு. அம்மாகிட்ட அதைச் சொல்லலாமா?"

அவள் சிரித்தாள். அழுதாளோ? இரண்டும்தான். கை எழும்பவே இல்லை.

"சொல்லுங்க. எனக்கும் பிடிச்சிருக்குன்னு சேர்த்துச் சொல்லுங்க. நீங்க வராத நாளெல்லாம் நான் அங்க படம் எடுக்கப் போகலைங்க… உங்களைத் தேடித்தான் போனேன்."

அவன் போனை எடுத்தான். எண்ணை அழுத்தப் போனவனின் கையை அவள் தொட்டு நிறுத்தினாள்.

"அம்மாகிட்ட அப்புறம். முதல்ல எங்கிட்ட இன்னொரு தடவை சொல்லுங்க."

சொன்னான்.